காரில் மட்டும் படித்த நாவல்

எனக்கும் புத்தகத்துக்கும் ஏழாம் பொருத்தம். வாடகைக் கார் ஓட்டுகிறவன் நான். மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் வந்து பழனிவேல் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நான் படித்ததெல்லாம் மைல் கல்லும் பெட்ரோல் பில்லும்தான். என் அக்கா தில்லையம்மாள் அப்படியில்லை. அவள் புத்தகம் படித்தாள் என்று சொல்வதே தப்பு, விழுங்கினாள்.

எங்களுக்குக் கம்மாபுரம். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளைக் கடலூரில் கட்டிக் கொடுத்தார்கள். இங்கே வந்து அங்கன்வாடி டீச்சரானாள். மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு நாவலை எடுப்பாள். சாயங்காலம் வீட்டில் உப்பு ஜாடி மேல் அது சாய்ந்து நிற்கும். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் பக்கம். தோசை கருகும். நூலகத்திலிருந்து எடுத்து வரும் புத்தகம் திரும்பிப் போகும்போது அவளுடைய மஞ்சள் விரல் ரேகையோடு போகும். "இது சாம்பார் வாசன அடிக்குதும்மா" என்று நூலகர் முறைப்பாராம். இரண்டு ராத்திரிதான், எவ்வளவு தடியான புத்தகமும் காலி.

அவள் புருஷன், என் மாமா தங்கராசு நேர் எதிர். தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தவர். காலையில் குளித்து, விபூதி பூசி, காபியோடு உட்கார்ந்தால் ஓர் அத்தியாயம். ஒன்றே ஒன்று. கதாநாயகன் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருக்கும் இடத்தில் அது முடிந்தாலும் பழைய பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து மூடிவிடுவார்.

"ஏன் மாமா, நாளைக்கு வரைக்கும் அவன் அந்தரத்துலயே தொங்கணுமா?" என்று கேட்பேன்.

"தொங்கட்டும்டா. எங்க ஓடிடப் போறான்?"

ஒரு புத்தகம், இரண்டு பேர். அக்கா முடித்துவிட்டுத்தான் மாமாவுக்குக் கொடுப்பாள். அவர் முடிக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை அவள் கதையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அந்த வீட்டுச் சட்டம் அது. பாவம், வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு நடமாடுகிற மாதிரி இருப்பாள். காபி டம்ளரை வைக்கும்போது மாமா அவள் முகத்தை உற்றுப் பார்ப்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுவாள். சிரிப்பு வந்தாலும் மாட்டிக்கொள்வாள், கண் கலங்கினாலும் மாட்டிக்கொள்வாள். எதையும் மறைக்கத் தெரியாத முகம் அது.

இதில் கேசரி வேறு. பஸ் டிக்கெட் எந்த இடத்தில் இருக்கிறது என்று அக்கா தினமும் பார்த்துக்கொள்வாள். மாமாவுக்குப் பிடித்த யாராவது அடுத்த அத்தியாயத்தில் சாகப் போகிறார்கள் என்றால் மனசு கேட்காமல் காலையிலேயே கேசரி கிளறிவிடுவாள். மாமா தட்டைப் பார்த்ததும், "கேசரியா? இன்னிக்கு யாரு சாவப் போறா?" என்பார். "ஒங்களுக்குப் புடிக்குமேன்னுதான் செஞ்சேன்" என்று அவள் சாதிப்பாள். ஒரு தடவையும் அவர் நம்பியதில்லை.

கடைசிப் பக்கம் முடிந்து மாமா புத்தகத்தை மூடினால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும். "இப்ப பேசலாமாங்க?"

அப்புறம் பொழுது சாயும்வரை பேச்சுதான். அவன் ஏன் அப்படிச் செய்தான், அவளுக்கு இது தேவையா என்று இல்லாத மனிதர்களுக்காக இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். அவர்கள் மகள் ஸ்ரீமதி சின்ன வயசில், "யாரும்மா அந்த ஜானகி, நமக்குச் சொந்தமா?" என்று கேட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பாக வரும். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள வேறு விஷயமா இல்லை என்று நினைப்பேன். இப்போது நினைத்தால், அந்த மாதிரி பேசிக்கொண்ட ஜோடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சர்க்கரை முதலில் அக்காவின் கண்ணைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தை. கண் போனபோது அழாதவள், "இனிமே நானு எப்பிடிடா படிப்பேன்?" என்று கேட்டு அழுதாள். டயாலிசிஸ் செய்யச் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. வாரத்துக்கு மூன்று நாள் என் காரில் போய் வந்தோம். ஸ்ரீமதி அப்போது பிரசவமாகி ஓசூரில் இருந்தாள்.

கொஞ்ச நாளில் அக்கா அடம்பிடிக்க ஆரம்பித்தாள். ஊசி குத்திக் குத்திக் கை வீங்கிக் கிடந்தது. "போதும்டா பழனி. என்னை விட்டுடுங்க. இனிமே வரல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஸ்ரீமதி போனில் அழுதாள். அக்கா அசையவில்லை.

மறுநாள் காலையில் மாமா நூலகத்துக்குப் போய்த் தலையணை மாதிரி ஒரு நாவலோடு வந்தார். அந்தக் காலத்தில் கடலூர் முதுநகரில் கப்பலேறி, காணாமல் போன புருஷனைத் தேடிப் போகும் அஞ்சலை என்ற பெண்ணின் கதை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைச் சத்தம் போட்டுப் படித்தார். கப்பல் கிளம்புகிற இடத்தில் மூடினார்.

"அப்புறம்?" என்றாள் அக்கா.

"அப்புறம் கார்ல. இனிமே கார்லதான் படிப்பேன்."

"நல்லா இருக்கே ஒங்க நியாயம்!" என்று திட்டினாள். ஆனால் எழுந்து புடவை மாற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஆலப்பாக்கம் தாண்டியதும் மாமா கண்ணாடியை மாட்டுவார். போகும்போது அரை அத்தியாயம், வரும்போது அரை அத்தியாயம். அக்கா தலையணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டே வருவாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அந்த அஞ்சலை மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. லாரிக்காரன் ஹாரன் அடித்தால் கோபம் வந்தது, ஒரு வரி காதில் விழாமல் போகிறதே என்று.

டயாலிசிஸ் அறைக்குள் எங்களை விடமாட்டார்கள். அக்கா மட்டும் போவாள். போகும்போது புத்தகத்தையும் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போவாள். "கையில இருந்தா ஒரு தெம்பு" என்பாள்.

மார்கழியில் டாக்டர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் எதுவும் நடக்கலாம் என்றார். அதற்குப் பிறகு மாமா இன்னும் மெதுவானார். அரை அத்தியாயம் இரண்டு பக்கமானது, இரண்டு பக்கம் ஒன்றானது. மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது என்று கார்க் கண்ணாடியில் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது. டீக்கடையில் வைத்துச் சண்டை போட்டேன்.

"அக்கா கண்ண மூடறதுக்குள்ள அஞ்சலைக்கு என்ன ஆச்சுன்னாவது தெரிய வேணாமா மாமா? வேகமாப் படிச்சுத் தொலைங்களேன்!"

"முடிச்சிட்டா அப்புறம் அவ எதுக்குடா கார்ல ஏறுவா?" என்றார். நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், திரும்பி வரும்போது புதுச்சத்திரம் பக்கத்தில் அக்கா திடீரென்று கேட்டாள். "பழனி, எங்கனா கேசரி கெடைச்சா மாமாவுக்கு வாங்கிக் குடுடா."

"எனக்கு ஒண்ணும் வேணாம், நீ படு" என்றார் மாமா. வழியில் கடையும் இல்லை. அவள் மறுபடி கேட்கவில்லை.

மாசி முழுக்க அவள் ஒரு நாளும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. கை வலியில் முனகுவாள், வாந்தி எடுப்பாள், ஆனால் நேரத்துக்குக் கிளம்பிவிடுவாள். "அஞ்சலை அவனக் கண்டுபுடிச்சிடுவாளாங்க?" என்று கேட்பாள். "பொறு" என்பார் மாமா. "ஒங்களக் கட்டிக்கிட்டு நான் பொறுக்காததா?" என்று சிரிப்பாள். பங்குனியில் ஒரு விடிகாலையில், வீட்டிலேயே, தூக்கத்தில் போய்விட்டாள். கதையில் மூன்று அத்தியாயம் பாக்கி இருந்தது.

மாமா அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "முடிவு தெரியாமலே அனுப்பிட்டேன். வாழ்நாள்ல அவ ஒரு கதையையும் பாதியில வுட்டவ இல்ல. நான்தான் இழுத்தடிச்சிக் கெடுத்துட்டேன்." எனக்கும் அப்படித்தான் பட்டது.

காரியமெல்லாம் முடிந்தபின் மிச்சமிருந்த மருந்துகளை வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்று சிதம்பரம் போனோம். அக்காவின் தலையணையும் பையும் இன்னும் பின்சீட்டில்தான் இருந்தன. எடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் பிரிசில்லா என்கிற நர்ஸ் பெண் மருந்தை வாங்கிக்கொண்டு, மாமாவைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கியது.

"ஐயா, அந்தக் கதையப் படிச்சி முடிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. அவளுக்கே முடிவு தெரியல. எனக்கு எதுக்கு?"

"அம்மாவுக்குத் தெரியுங்கய்யா" என்றது அந்தப் பெண். "மெஷின் ஓடற நேரத்துல நான்தான் படிச்சிக் காட்டுவேன். பொங்கலுக்கப்புறம் ரெண்டு மூணு நாள்லயே முடிச்சிட்டாங்க. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. 'இந்தக் கதைக்காகத்தான் நான் வர்றேன்னு அவரு நெனைச்சிக்கிட்டிருக்காரு. அப்பிடியே இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நாள் அவரு மெதுவாப் படிக்கட்டும்'னு சொன்னாங்க."

மாமா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முடிவு தெரிந்தபிறகும் மாசி முழுக்க அந்த வீங்கின கையோடு காரில் ஏறினாளே, எதற்கு? இவருக்காக. அஞ்சலை அவனைக் கண்டுபிடிப்பாளா என்று கேட்டதெல்லாம் இவருக்காக.

"மூஞ்சியில காட்டவே இல்லயேடா" என்றார் மாமா. அப்புறம் ஏதோ நினைவு வந்தவர் போல என் கையைப் பிடித்தார். "கேசரி வாங்கிக் குடுன்னாளேடா. கேசரின்னு சொன்னாளே. நான் கவனிக்கலயே." அப்போதுதான் அவர் அழுதார்.

முடிவு என்னவென்று அந்தப் பெண் சொல்ல ஆரம்பித்தது. "வேணாம்மா, அவ சொல்லல" என்று தடுத்துவிட்டார்.

மேல வீதியில் ஓர் ஓட்டல் வாசலில் நிறுத்தச் சொன்னார். கேசரி ஒரு பொட்டலம் வாங்கிவந்து அக்காவின் தலையணை மேல் வைத்துவிட்டு, பையிலிருந்து நாவலை எடுத்தார். வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது படிக்க ஆரம்பித்தார். ஓர் அத்தியாயம் முடிந்தது. நிறுத்தவில்லை. அடுத்ததும் முடிந்தது. நிறுத்தாமல் படித்துக்கொண்டே வந்தார். குரல் கம்மியது, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் ஓரமாக மெதுவாக, அங்கங்கே நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். அஞ்சலைக்கு என்ன ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள். அக்கா சொல்லாததை நானும் சொல்லமாட்டேன். கேசரி வாங்கச் சொன்னது சரிதான், அவ்வளவுதான்.

ஆலப்பாக்கம் வந்தபோது கடைசிப் பக்கம் முடிந்தது. மாமா புத்தகத்தை மூடினார். மூடிவிட்டு, பழக்கத்தில், கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அக்கா உட்காரும் பக்கமாகத் திரும்பினார்.

"இப்ப பேசலாம் தில்ல" என்றார்.