உண்ணிக்குத் தூவிய பொடி

என் தொப்புளைச் சுற்றி ஆறு ஊசி போட்டார்கள். ஆறும் வீண். அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவர் என் வீட்டுக்காரர்.

எழுபதுகளின் கடைசியில் போடிமெட்டுக்கு மேலே எங்களுக்கு ஒரு சின்ன ஏலத்தோட்டம் இருந்தது. கல்யாணமான புதிது. அவர் காலையில் ஆட்களோடு மேலே ஏறிவிட்டால் எனக்குப் பேச்சுத்துணை ஒரு செவலை நாய்தான். அந்த வருசம் அதன் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி கொத்துக்கொத்தாக ஏறிவிட்டது. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் நாய்க்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கால்களை இழுத்துக்கொண்டு விழுந்தது, வாயில் நுரை தள்ளியது. தலையைத் தாங்கிப் பிடித்தேன். பல் என் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் வெறி என்று சொல்லி விலகி நின்றார்கள். ஒருவர் கம்பைத் தூக்கிவிட்டார். நான் கத்திய கத்தலில், கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்ப்போம் என்று விட்டார்கள். எதையாவது தின்றுவிட்டதா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். ஒன்றும் தெரியவில்லையே என்றார்.

அன்றைக்கே ஜீப்பில் போடிக்கு இறக்கினார்கள். பத்து நாள் காத்திருக்க முடியாது, பதினாலு ஊசியையும் தொடங்கியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் ஊசிக்கு என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவர் என் வீட்டுக்காரர்தான். அப்புறம் காய்ப் பறிப்பு இருக்கிறது என்று மலைக்குப் போய்விட்டார். நான் போடியில் எங்கள் அம்மா வீட்டில் தங்கி தினமும் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வயிறு கட்டிகட்டியாக வீங்கி, குனிந்து ஒரு செம்பு தண்ணீர் எடுக்க முடியாது.

ஜீப் ஓட்டுகிறவரிடம் தினமும் நாயை விசாரிப்பேன். உயிரோடு இருக்கிறது, நடுக்கம் நிற்கவில்லை என்பார். ஆறாம் நாள் அவரே, "தண்ணிய நல்லா நக்கிக் குடிக்குதே, வெறி நாய் தண்ணி குடிக்குமாக்கா?" என்று கேட்டார். அன்று ஊசி போட்ட கையோடு அதே ஜீப்பில் ஏறிவிட்டேன்.

கொட்டகையில் நாய் சுருண்டு கிடந்தது. யாரும் கிட்டே போகாமல் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிற கம்பு பக்கத்தில் கிடந்தது. கிட்டே போனதும் குப்பென்று அடித்தது வாடை. ஏலச்செடியில் இலைப்பேன் விழுந்தால் தூவுகிற பூச்சிமருந்துப் பொடியின் வாடை. தோட்டத்தில் இருந்தவரை அது சாக்கிலும் துணியிலும் எங்கள் தலைமுடியிலும் இருந்ததால் எனக்குத் தனியாகத் தெரிந்ததில்லை. ஆறு நாள் போடிக் காற்றைச் சுவாசித்த மூக்குக்குத் தெரிந்துவிட்டது. முடியை விலக்கிப் பார்த்தேன், அடித்தோல் வரை வெள்ளை வெள்ளையாய்ப் பொடி.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "செடியில இருக்க பேனைக் கொல்லுது, உண்ணிய மட்டும் விட்ருமான்னு தூவினேன்" என்றார். அதை நான் குற்றமாக எடுக்கவில்லை. அந்த மலையில் கோழிக்குத் தூவினவர்கள் உண்டு, பிள்ளைகள் தலைப் பேனுக்குத் தூவினவர்கள் உண்டு. ஆனால் ஆறு நாளாக வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

"ஏன் சொல்லல?"

"நீ வைவேன்னுதான்."

ஒரு வசவுக்குப் பயந்து என் வயிற்றில் ஆறு முறை ஊசி இறங்க விட்டிருக்கிறார். நாயோ தன் உடம்பிலிருந்த விசத்தைத் தானே நக்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு வசவே கிடைக்கவில்லை.

சோப்புப் போட்டு நாலு தரம் நாயைக் குளிப்பாட்டினேன். மறுநாள் போடி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாட்டு டாக்டர், இது வெறியில்லை, பொடியின் விசம், எனக்கு இனி ஊசி வேண்டாம் என்று சொல்லி, நாயின் வலிப்புக்கு மருந்து கொடுத்தார். வீட்டுக்காரர் வெளியே போனதும் என்னிடம், "அன்னைக்கே கழுவிக் கூட்டியாந்திருந்தா ஒரு வாரத்துல ஓடியிருக்கும்மா" என்றார்.

அம்மா வீட்டு மாட்டுக்கொட்டகையில் நாலு நாள் வைத்துப் பார்த்தோம். மருந்தில் தூங்கும், விழித்தால் வலிப்பு. நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாகி, கஞ்சி கூட இறங்கவில்லை. கண் தெரியாமல் சுவரில் முட்டியது. இப்படியே மருந்து கொடுத்துப் பார்க்கலாம், தேறும் என்று சொல்ல மாட்டேன், இல்லையென்றால் ஒரே ஊசியில் முடித்துவிடலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. மதுரைக்குக் கொண்டுபோவோம், பெரிய டாக்டரைப் பார்ப்போம் என்று ஒரே பிடிவாதம். நாள் முழுக்க நாய் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேண்டியபோது வாயைத் திறக்காதவர், இப்போது அதைச் சாகவும் விடமாட்டேன் என்கிறார்.

"நாய்க்காகச் சொல்றீங்களா, உங்களுக்காகச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். அவர் நாயின் காதைத் தடவ ஆரம்பித்தார். நான்தான் போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். தலையை வீட்டுக்காரரையே பிடிக்கச் சொன்னேன். நான் எட்டி நின்றேன். கடைசி நேரத்தில் அதைத் தொடாமல் நின்றதற்கு என் மேலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு.

மலைக்குக் கொண்டுபோய்த் தோட்டத்து ஓரத்தில் புதைத்துவிட்டு வரும் வழியில் அவர் கேட்டார்: "மொத நாளே சொல்லியிருந்தா பொழச்சிருக்குமோ?"

இல்லை என்று நான் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் கேட்டார். டாக்டர் சொன்னது என் ஒருத்திக்குத்தான் தெரியும். விதி என்று ஒரு சொல் சொன்னால் மனுசன் அன்றிரவு தூங்கியிருப்பார்.

"பொழச்சிருக்கும்" என்றேன்.

அதற்கப்புறம் அவர் சாகும்வரை அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.