கவ்வாத்து வெட்டிய வலைப்பக்கம்

போன வாரம் அரவேணுப் பக்கம் பஸ்ஸில் வரும்போது பச்சை வாசம் ஒன்று ஜன்னல் வழியே வந்தது. கவ்வாத்து வெட்டியிருந்தார்கள், வளர்ந்த தேயிலைச் செடியை முழங்காலளவுக்குக் குறைத்துவிடும் வேலை. உங்களுக்கு டீ ஞாபகம் வந்திருக்கும். எனக்கு நோட்பேட் ஞாபகம் வந்தது. எதற்கும் தேதி குறித்துவைக்கும் நான், நோட்பேடில் வெப்சைட் எழுதிய அந்த வருஷங்களை மட்டும் ‘பச்சைத் தேயிலைக்கு விலையில்லாத காலம்’ என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.

குன்னூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் சாந்தியும் நானும் வேலை பார்த்தோம். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் அவளுடையது. எஸ்டேட்டில் வேலை குறைந்து, அவள் குடியிருந்த லயத்து வரிசையில் பாதி வீடுகள் திருப்பூர் பனியன் வேலைக்குப் போய்விட்டன. அப்போது ஒரு காட்டேஜ்காரர் சீசனுக்குள் வெப்சைட் வேண்டும் என்றார். அது அவருக்குப் பிடித்தால் சாந்திக்கு வேலை நிரந்தரம் என்றார் எங்கள் முதலாளி. இல்லையென்றால் அவளுக்கும் திருப்பூர் பஸ்தான்.

எந்த எடிட்டரில் செய்வது என்று எங்களுக்குள் சண்டை. படத்தை இழுத்துப்போட்டால் தானே கோடிங் எழுதிக்கொள்ளும் எடிட்டர் என் கட்சி; எல்லாவற்றையும் கையால் எழுதும் நோட்பேட் அவள் கட்சி. பக்கம் அழகாகத்தான் வந்தது. போன் லைனில் அது திறப்பதற்குள் டீ ஆறிவிடும், அவ்வளவுதான். சாந்தி அதை நோட்பேடில் திறந்து பார்த்தாள்.

“என்னங்க, காடா வளத்து வச்சிருக்கீங்க! கவ்வாத்து வெட்டுனாத்தான் கொழுந்து வரும்.”

“வெட்டிப்போட்டு அப்பறம் அழுகாதீங்க.”

வேண்டாத வரிகளையெல்லாம் வெட்டினாள். பக்கம் சட்டென்று திறந்தது. ஆனால் ரூம் கேட்கும் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. அதை இயக்கும் ஸ்கிரிப்டும் வெட்டில் போயிருந்தது. பழைய கோப்பின் மேலேயே சேவ் செய்துவிட்டதால் திரும்ப எடுக்கவும் வழியில்லை. காட்டேஜ்காரர் மறுநாள் வருகிறார்.

சாந்தி தலையில் தட்டிக்கொண்டாள். “எங்கப்பா செடியை மொட்டையா வெட்ட மாட்டாருங்க. மூச்சு விட ஒரு கிளையை விட்டுத்தான் வெட்டுவாரு. நான் மறந்துட்டேன் பாருங்க.”

நோட்பேடிலேயே அந்த ஸ்கிரிப்டை முதலிலிருந்து எழுதினாள். அதன்பின் எந்த வரியையும் அழிக்காமல், இயங்காதபடி குறியிட்டு ஓரமாக வைப்போம். அதற்கு எங்கள் பெயர் ‘மூச்சுக்கிளை’.

மறுநாள் காட்டேஜ்காரர் பட்டனை அழுத்தினார். பக்கத்துக் கம்ப்யூட்டரில் திறந்திருந்த அவருடைய மெயில் பெட்டியில் அந்தக் கோரிக்கை வந்து நின்றது. “ஏனுங்க, ரூம் கேக்கறது நெசமாலுமே எனக்கே வருதுங்களா?” என்று இன்னும் நான்கு தடவை அழுத்தினார். சாந்தி திருப்பூர் போகவில்லை.

அந்த சென்டர் இப்போது சாக்லேட் கடை. மோடம் கத்துகிற சத்தத்தைக் கேட்டு வருஷங்களாகின்றன. இன்றைய எடிட்டர்கள் பழைய வரிகளைத் தாங்களே பத்திரப்படுத்துகின்றன, மூச்சுக்கிளைக்கு வேலையில்லை. பஸ்ஸிலிருந்தே சாந்திக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூரில் வெப்சைட் செய்யும் ஒரு குழுவையே நடத்துகிறாள்.

“லைன்ல இருங்க,” என்றாள். பிறகு யாரிடமோ, “தம்பி, இது ரொம்ப வளந்துருச்சு, கவ்வாத்து வெட்டு.”

“சரிக்கா” என்றது ஓர் இளங்குரல், தேயிலைச் செடியையே பார்த்திராத ஏதோ ஊரின் தமிழில்.