பிசியில் வராத தெரு

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கின் மாடியில் தனியாளாக வீடியோ கேம் உருவாக்கும் பாலக்காட்டுத் தமிழர் அவர். நரைத்த தாடி, ஆறிப்போன சாயா. நானோ கணினியில் சீட்டாட்டத்திலேயே தோற்பவன்.

அவருடைய முதல் கேம் வெளியான அன்றே திருட்டுப் பிரதி பரவிவிட்டது. 'சேட்டா, படகு நகரலை' என்று யாராவது எழுதினால் உடனே வழி சொல்வார். திருட்டுப் பிரதியில் மட்டும் வரும் கோளாறு அது.

"திருடனுக்கு எதுக்கு சார் உதவி?"

"பாதியில நின்னா பாவம் அல்லே?"

அடுத்த கேம் இந்தத் தெருவைப் பற்றியது. "கம்ப்யூட்டர்ல, அதான் பிசியில, விடலை. டிவியில மாட்டுற கேம் பெட்டி, கன்சோல்ல மட்டும்தான். அதுல சுலபமா திருட முடியாது. இன்னொரு நஷ்டம் தாங்காது."

"இந்தத் தெருவுல யார்கிட்ட கன்சோல் இருக்கு?"

"ஒருத்தர்கிட்டயும் இல்லை."

சொல்லிவிட்டுத் திரையில் எதிர்வீட்டுக் கதவுக்குப் பச்சை பூசினார். நிறம் சரிதானா என்று எழுந்துபோய்ச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.