ஓம், நான்தான் சொன்னனான்

எங்கள் ஆட்களுக்குள் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது: ஈவிரக்கம் இல்லாதவள். இருந்துவிட்டுப் போகட்டும். "தமிழ் வீடுகளுக்கு இவவை அனுப்பாதேங்கோ" என்று என் பொறுப்பாளருக்குக் கடிதம்கூடப் போட்டார்கள். நான் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் பொலிசும் ஆம்புலன்சும் தீயணைப்புப் படையும் கூப்பிடுகிற நேரமெல்லாம் ஊதா ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிற தேவாலயத் தொண்டர் நான். சாவு விழுந்த வீட்டில் கூட இருக்க வேண்டும். அந்தச் சாவைப் பார்த்துவிட்டு வருகிற பணியாளர்களோடும் இருக்க வேண்டும். பயிற்சியில் முதலில் படித்தது ஒன்றுதான்: சுற்றி வளைக்காதே, முதல் இரண்டு வசனத்துக்குள் "இறந்துவிட்டார்" என்று சொல்லிவிடு.

நாங்கள் என்ன செய்வோம்? "வருத்தம் கடுமை" என்போம். "மிஷினில வைச்சிருக்கினம்" என்போம். செத்தவரை இரண்டு நாள் உயிரோடு வைத்திருந்து, பிறகு மெல்ல மெல்லக் கொல்லுவோம். அதற்குப் பெயர் இரக்கமாம்!

அன்று காலை பத்து மணியிருக்கும். தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு நின்ற தமிழர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருந்தார். ஆம்புலன்ஸ்காரர் எவ்வளவோ போராடியும் காப்பாற்ற முடியவில்லை. மனைவிக்கு அறிவிக்க ஓர் இளம் பொலிஸ்காரரோடு போனேன். வாசலிலேயே இறந்தவரின் தம்பி நின்றார். அவருக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை, கண்முன்னே நடந்தது. அண்ணி வந்து எட்டு மாதம்தான், ஜெர்மன் விளங்காது, தானே தமிழில் சொல்லட்டுமா என்று பொலிஸ்காரரிடம் கேட்டார். கூடப்பிறந்தவர்தானே என்று நானும் தலையாட்டினேன். அது என் பிழை, மறைக்க மாட்டேன்.

பொலிஸ்காரர் அவளை உட்காரவைத்து, முகத்தைப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். தம்பி அதைத் தமிழாக்கினார்.

"அண்ணி, அண்ணைக்குக் கொஞ்சம் ஏலாமல் போச்சுது. ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினம். பயப்பிடாதேங்கோ."

அவள் பொலிஸ்காரருக்கு "டாங்கே" என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். சாரம், துவாய், பிரஷ் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் வைத்தாள். "அவருக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது" என்று பிளாஸ்குக்குள் மல்லித்தண்ணி ஊற்றினாள். பொலிஸ்காரரின் முகம் வெளுத்துவிட்டது. தான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

தம்பியை ஓரமாக இழுத்தேன். "சொல்லுங்கோ தம்பி."

"அக்கா, உங்களைக் கும்பிடுறன். அவ தாங்கமாட்டா. நாளைக்கு லண்டனிலயிருந்து பெரியக்கா வாறா. அவ வந்து சொல்லட்டும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ."

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன்.

"தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை. உங்கட மனுசன் செத்துப்போனார். காலமை, வேலையிடத்தில, நெஞ்சுவலி வந்து."

குழறி அழுதாள். குழறட்டும், அவளுடைய புருஷன். தம்பியும் சுவரோடு சரிந்திருந்து அழுதார். பாவம், அவருக்கும் அதுவரை அழ இடம் கிடைக்கவில்லை. பொலிஸ்காரரிடம், "நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள். பிழை எங்களுடையது" என்று ஜெர்மனில் சொன்னேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவள் தன்னுடைய போனைத் தேடினாள். தம்பி தலை நிமிராமல் தன் ஜாக்கெட் பைக்குள் ஒளித்து வைத்திருந்த அதை எடுத்து நீட்டினார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய்க்கு எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தபடியால் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, இருந்துகொண்டு கேளுங்கோ. பதறாதேங்கோ. அவர் செத்துப்போனார்."

அந்தப் பக்கத்திலிருந்து தாய் சொன்னார்: "தெரியும் பிள்ளை. அப்பவே சொல்லிப்போட்டினம். உனக்குச் சொல்ல வேண்டாமெண்டவை."

அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப எனக்கு மட்டும்தானா அம்மா தெரியாது?"