காந்திமதி தனியாகப் போட்ட கையெழுத்து

திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்தில் பழைய மாணவர் ஒருவர் என்னை நிறுத்திச் சொன்னார்: "காந்திமதி மேடம் தவறிட்டாங்க சார்."

காந்திமதியிடம் தாவரவியல் படித்த நீங்களும், கல்லூரியில் எங்கள் இருவரோடும் வேலை பார்த்த நீங்களும் இந்த இரங்கல் கூட்டத்தில் அவருடைய துணிச்சலைச் சொல்கிறீர்கள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எப்படிப்பட்டவனாக நின்று பார்த்தேன் என்பதைச் சொல்லாமல் அஞ்சலி செலுத்த எனக்கு யோக்கியதை இல்லை.

கூலிப் போராட்டங்கள் ஓயாத காலம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் விதை சேகரிக்க காந்திமதியும் நானும் படகில் போனோம். நீர் வற்றி, படகு தரைதட்டியது. நான் உட்கார்ந்தே இருந்தேன். காந்திமதி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவுச் சேற்றில் இறங்கி, படகுக்காரரோடு சேர்ந்து தள்ளினார். "எங்க வீட்டுல எல்லாரும் சேத்துல நின்னவங்கதான் சார். இது கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான்" என்றார். அவருடைய பெற்றோர் நடவுக்கூலிகள்.

ஒரு திட்டை நெருங்கியபோது அழுகல் நாற்றம் அடித்தது. பல நாட்களாகச் சுட்டுக் குவித்த பூநாரைகள். இளஞ்சிவப்பு இறகுகளுக்கிடையே புழு நெளிந்தது. பத்தடி தள்ளி எங்கள் ஊர் மிராசுதார் விருந்தாளிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் அப்பா அவர் நிலத்தில்தான் குத்தகைக்குப் பயிர் செய்தார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பூநாரைக் கறித்தட்டை நீட்டினார்.

வாங்கித் தின்றேன். நல்லாயிருக்குங்க என்றும் சொன்னேன்.

காந்திமதி திட்டில் இறங்கினார். இரண்டு பறவைகளை அந்தப் புழுக்களோடு தூக்கிப் படகில் போட்டார். அன்று மாலையே வன அலுவலகத்தில் புகார் எழுதினார். "சாட்சின்னு நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க சார்" என்றார். குத்தகை போய்விடும் என்றேன். படகுக்காரரும் பின்வாங்கினார். காந்திமதி தனியாகக் கையெழுத்திட்டார்.

ஒற்றைச் சாட்சி போதாதென்று புகாரைக் கைவிட்டார்கள். மிராசுதாருக்குப் பயந்து, காந்திமதியின் பெற்றோரை அவர்கள் ஊரில் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவரைத் தொலைதூரக் கல்லூரிக்கு மாற்றினார்கள். மிராசுதார் அடுத்த தேர்தலில் கரைவேட்டி கட்டி, ஏழைகளுக்காக மேடையில் கண்ணீர் விட்டார். முன்வரிசையில் உட்கார்ந்து நான் கைதட்டினேன்.

பல வருடங்கள் கழித்து ஒரு திருமணத்தில் காந்திமதியைச் சந்தித்தேன். என்மேல் கோபமா என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல சார். உங்கள நெனச்சா ரொம்ப நாள் அருவருப்பா இருந்துச்சு. அப்புறம் அதுவும் போயிடுச்சு."

அவருக்குப் போய்விட்டது. எனக்குப் போகவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த அருவருப்பு ஒன்றுதான்.