செங்கல் நிறச் சட்டை

ஒன்பதாம் எண் சட்டையைத் துவைகல்லில் ஓங்கி அடித்துக்கொண்டே அதைத் திட்டிக்கொண்டிருந்தாள், கால்பந்துக் கிளப்புக்குத் துணி துவைக்கும் ஜுரேமா. "கோல்கீப்பரே இல்லாம கோலு தொறந்து கெடந்துச்சு. எங்கடா பார்த்துட்டு இருந்த? மேகத்தையா?" அதைப் போட்டு ஆடியவனே எதிரே நின்றிருந்தாலும் இதே திட்டுதான். தோற்ற ஞாயிற்றுக்கு மறுநாள் அந்தத் தெருப் பக்கம் எந்த ஆட்டக்காரனும் தலைகாட்டமாட்டான்.

செர்ரா பார்டா ஊரின் ஒலேய்ரோஸ் கிளப்பைத் தொடங்கியவர்கள் செங்கல் சூளைக்காரர்கள். முதலில் வெள்ளைச் சட்டைதான். இரண்டு மழை ஆட்டத்தில் ஊர்ச் செம்மண் அதை ஒரு வழி பண்ணிவிட்டது. அவர்களின் பெண்டாட்டிகள் அழுக்கு மூட்டையைக் கிளப் கூட்டத்தின் நடுவே கொட்டி, "நீங்களே துவைச்சுக்கோங்க. இல்லன்னா மண்ணு நிறத்துலயே தச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு முடிவானது செங்கல் நிறம். கிளப் ஒரே ஒருமுறை இரண்டாம் பிரிவுக்கு ஏறியதும், மறுவருடமே இறங்கியதும் அந்த நிறத்தில்தான்.

ஆற்றுக்கு அக்கரைக் கிளப்பின் நிறம் நீலம். அதனால் ஜுரேமா வீட்டில் நீலத்துக்கு இடமில்லை. மகள் வாங்கி வந்த நீல வாளியைத் தெருவில் போனவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள். வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம்கூடப் போடுவதில்லை. "மஞ்சளாவே கெடக்கட்டும். எனக்கென்ன, கல்யாணமா?"

இந்த வருடம் தலைநகரத்துக் கம்பெனி ஒன்று கிளப்பை வாங்கியது. விற்ற பெரிய மனிதர்கள் ஊரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புது மேலாளர் லேயான்ட்ரு அவள் முற்றத்தில் ஒரு பெட்டி சட்டைகளை இறக்கினான். எல்லாம் நீலம். கம்பெனியின் நிறமாம்.

"நிறத்துல என்ன இருக்கு ஜுரேமாம்மா? பந்து அதே பந்துதானே."

"அப்போ உங்கம்மாவுக்கும் வேற பேரு வச்சுக் கூப்பிடு. அம்மா அதே அம்மாதானே."

அவன் சிரித்தான். பெட்டியை அவன் தலையிலேயே கவிழ்க்கத் தோன்றியது அவளுக்கு. ஆனால் துவைக்கும் கூலியில்தான் வீடு நடக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியை உள்ளே இழுத்தாள்.

நீலத்தில் முதல் ஆட்டம். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. மைதானம் சேறானது. விழுந்து புரண்டு எழுந்தவர்களின் முதுகில் நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. கடைசி விசில் ஊதும்போது, ஆடியவர்கள் எல்லாரும் பழைய ஒலேய்ரோஸாக நின்றார்கள். அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து, "செங்கலு, செங்கலு" என்று கத்தியது. ஜுரேமாவும் தொண்டை கிழியக் கத்தினாள்.

மறுநாள் காலையில் லேயான்ட்ரு மூட்டையோடு வந்தான். இப்போது சிரிப்பு இல்லை.

"புதன்கிழமை டிவிக்காரங்க வர்றாங்க. ஒரு கறை தெரியக் கூடாது. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துக்கறேன்."

ஜுரேமா மூட்டையைப் பிரித்தாள். காய்ந்த சேறு உதிர உதிர, ஒவ்வொரு சட்டையாக உதறி, செம்மண் கறையோடே தெருவைப் பார்த்த கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். ஒன்பதாம் எண்ணைக்கூடத் திட்டவில்லை. திறந்திருந்த குழாயை இறுக மூடினாள். பிறகு தொட்டி விளிம்பிலிருந்த சோப்புக் கட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.