சனிக்கிழமை விரதம் இருந்த மீன்கள்

கீழ்க்கட்டளையில் சபாபதி அண்ணனிடம் கலர் மீன் வாங்கிய பெருமக்களே, உங்களில் ஒருவர்கூட நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்வேன் என்று இதனால் உறுதியளிக்கிறேன். திங்களன்று அவர் மனைவி போன் செய்து, "அவரு போயிட்டாருண்ணா, நெஞ்சுவலி" என்றபோது, என் கை தானாக இடது குதிகாலைத் தடவியது.

என் சொரியாசிஸ் ஊரப்பாக்கம் வரை புகழ்பெற்றது. நான் காலை உதறினால் விழும் செதிலில் பள்ளிக்கரணைச் சதுப்பையே தூர்த்துவிடலாம். கூடவே சர்க்கரை. "காலில் காயம் பட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, எறும்பைக் கண்டாலும் கட்டிலில் ஏறி நிற்பேன்.

அப்பேர்ப்பட்டவனை அண்ணன் கடைக்குப் பின்னால் ஒரு தொட்டிமுன் உட்காரவைத்தார். செதிலைத் தின்று தோலைச் சுத்தமாக்கும் மீன்களாம்.

"கடிச்சா?"

"அதுக்குப் பல்லே கெடையாது சார். இன்னாத்துக்குப் பயந்துகினு கீற? சும்மா காலை வுடு."

அன்று புரட்டாசிச் சனி. தான் விரதமிருக்கையில் மீன்கள் மட்டும் தின்பது பெருமாளுக்கு அடுக்காது என்று அவற்றையும் பட்டினி போட்டிருந்தார். காலை விட்ட பிறகே எனக்கு அது தெரிந்தது.

விரலளவு மீன்கள் முதலைகளாய்ப் பாய்ந்தன. நான் போட்ட அலறலில் தாம்பரத்தில் ரயில்கள் நின்றன. பிறகு, என் இடது குதிகாலிலிருந்து தண்ணீரில் சிவப்பாக ஓர் இழை ஓடியது. விரலோடு விடுவார்களா, முழங்கால்வரை எடுப்பார்களா?

"பல்லில்லேன்னீங்களே!"

"வாங்கசொல்ல இல்ல சார். வளந்துகினு வந்துச்சி போல கீது." அவர் தோளிலிருந்த துண்டை உருவினார்.

தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். என் காலைத் தன் மடியில் வைத்து, ஒரு கையால் பிடித்து, மறுகையால் துண்டை அழுத்திக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாண்ணா இது, ஒட்டிக்குமா?" என்றார்.

"ஒட்டுனா ஒட்டட்டும். நீ ரோட்டைப் பாரு."

"தொட்டித் தண்ணில புண்ணை வைக்கலாமா? ரெண்டு பேருக்கும் வயசு என்ன?" என்று டாக்டர் கத்தினார். கால் பிழைத்தது. புண் ஆறும்வரை தினமும் வந்து காலில் போட்ட கட்டை எட்டிப் பார்த்து, என்னைவிட அதிகம் பயந்தவர் அண்ணன்தான்.

இப்போதும் ஒரு கீறல் பட்டால் அவர் எண்ணைத்தான் தேடுகிறேன். இனி யார் எடுப்பார்?

நான் சொன்னதில் முக்கால்வாசி புளுகு. என் வீட்டிலேயே தனித் துண்டு, தனிச் சோப்பு என்று ஒதுக்கிவைத்திருந்த காலை, வெறுங்கையால் பிடித்த அவர், ஆஸ்பத்திரி வாசல்வரை மடியிலிருந்து இறக்கவில்லை. அந்தக் கையின் சூடுதான் எனக்கு மிச்சம். அது மட்டும் நிஜம்.